கொழுப்பு மாத்திரையை ராத்திரிதான் போடணுமா? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது, டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், கடையில் வாங்கியும் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் வரும் முதல் குழப்பம், இதை எப்போது போடுவது என்பதுதான். பக்கத்து வீட்டு அண்ணன் "கொழுப்பு மாத்திரைன்னா ராத்திரிதான், காலையில போட்டா வேலை செய்யாது" என்று அடித்துச் சொல்கிறார். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர், பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக் காலையிலேயே விழுங்கிவிட்டு வருவதாகச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் போடுவது வேறு வேறு மாத்திரையாக இருக்கலாம்.

நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவன், இந்தக் கேள்வி வாராவாரம் வரும். டாக்டர் ஏற்கெனவே மாத்திரை எழுதிக்கொடுத்து, அதை ஒழுங்காகப் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரை வேண்டுமா வேண்டாமா, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் டாக்டர் பாடு, அதில் நான் தலையிடப்போவதில்லை.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அட்டையில் பெரிதாகத் தெரிவது கம்பெனி வைத்த பெயர்: ஸ்டோர்வாஸ், அடோர்வா, ரோசுவாஸ் இப்படி. அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், பிடாவாஸ்டாட்டின் என்று எதுவானாலும் கடைசியில் ஸ்டாட்டின் என்று முடியும். நேரம் பற்றிய கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்தப் பெயரிலேயே இருக்கிறது, அதனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

கடையில் அட்டையை வெட்டி 5 மாத்திரை, 7 மாத்திரை என்று வாங்கும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும். உங்கள் கைக்கு வருவது வெறும் வெள்ளித் துண்டு. முழு அட்டையாக வாங்குங்கள், முடியாவிட்டால் வெட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிற இடமாக இருந்தால் கவர்மேல் பெயரை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

பொடி எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் அது கூட்டு மாத்திரை. ஸ்டாட்டினோடு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், எசெட்டிமிப், ஃபீனோஃபைப்ரேட் என்று ஏதாவது சேர்ந்திருக்கும். அப்போது ஸ்டாட்டினை மட்டும் வைத்து நேரம் முடிவு பண்ணக்கூடாது. ஆஸ்பிரின் கலந்தது என்றால் சாப்பிட்ட பிறகுதான், வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பேசும்.

ராத்திரி என்ற பேச்சு எப்படி வந்தது

நம் உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிட்ட முட்டையிலிருந்தோ நெய்யிலிருந்தோ வருவதில்லை, உடம்பே தயார் பண்ணிக்கொள்வது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்புக்கு எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி வேண்டும், அது பகலைவிட இரவில், குறிப்பாக நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில், மும்முரமாக வேலை செய்யும். ஸ்டாட்டின் செய்வது அந்த நொதியை மடக்குவது. உள்ளே தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, இழுத்துக்கொள்ள ஆரம்பிக்கும், அதனால்தான் ரிப்போர்ட்டில் எல்டிஎல் எண் இறங்குகிறது.

இந்த வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களில் டோக்கியோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கடைசியில் அரிசியில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தார். 2024-ல்தான் காலமானார், நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை, அது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். அவர் கண்டுபிடித்தது விற்பனைக்கு வரவில்லை. அதே வகையில் அடுத்து வந்த லோவாஸ்டாட்டின்தான் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று முதலில் கடைக்கு வந்தது.

லோவாஸ்டாட்டினும் அதன் பின்னால் வந்த சிம்வாஸ்டாட்டினும் உடம்பில் அதிக நேரம் நிற்காதவை. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள், இவற்றுக்கு அது ஏறக்குறைய 2, 3 மணி நேரம். 3 மணி என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை 8-க்குப் போட்டது 11-க்குப் பாதி, 2-க்குக் கால், சாயங்காலம் 5-க்கு அரைக்கால், கல்லீரல் மும்முரமாகிற நள்ளிரவில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் அந்தக் காலத்து டாக்டர்கள் ராத்திரி போடச் சொன்னார்கள், அது அந்த மாத்திரைக்கு நூற்றுக்கு நூறு சரி.

அப்புறம் 1997-ல் அடோர்வாஸ்டாட்டினும் 2003-ல் ரோசுவாஸ்டாட்டினும் சந்தைக்கு வந்தன. இனி இவற்றைச் சுருக்கி அடோர்வா, ரோசுவா, சிம்வா என்றே சொல்கிறேன், கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. அடோர்வாவின் அரை ஆயுள் 14 மணி நேரம். அது உடைந்து உருவாகும் பொருள்களும் அதே வேலையைச் செய்வதால் நொதியை மடக்குவது 20 முதல் 30 மணி நேரம் வரை நீடிக்கும். ரோசுவாவுக்கு அரை ஆயுளே 19 மணி நேரம். காலையில் போட்டாலும் நள்ளிரவில் இவை வேலையில்தான் இருக்கும். மருந்து மாறிவிட்டது, ராத்திரி என்ற பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எது ராத்திரி, எது எப்போது வேண்டுமானாலும்

சிம்வாஸ்டாட்டின் என்று இருந்தால் ராத்திரிதான், பேச்சே கிடையாது. லோவாஸ்டாட்டின் இரவுச் சாப்பாட்டோடு, ஏனென்றால் அது வயிற்றில் உணவு இருந்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். சாதாரண ஃப்ளூவாஸ்டாட்டினும் இரவுதான். அதிலேயே மெதுவாகக் கரையும் வகை வந்தால் நேரக் கட்டுப்பாடு இல்லை. ப்ராவாஸ்டாட்டினுக்கும் அரை ஆயுள் குறைவுதான், சில நாடுகளில் எப்போது வேண்டுமானாலும் என்று போட்டிருக்கிறார்கள், ஆனாலும் ராத்திரி வழக்கம் நல்லதே. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், பிடாவாஸ்டாட்டின் மூன்றும் காலை, மதியம், இரவு எதுவும் சரி. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் இந்த மூன்றுக்கு இல்லை. நம் ஊர்க் கடைகளில் போவதில் பெரும்பங்கு அடோர்வாவும் ரோசுவாவும்தான், அதனால் இதைப் படிக்கிற பலருக்கு நேரம் ஒரு பிரச்சினையே கிடையாது. இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சிம்வாஸ்டாட்டின் இன்னும் இருக்கலாம், பல வருஷம் அங்கே அதுதான் முதல் மருந்து. அவர்கள் போனில் சொல்லும் அறிவுரையை உங்கள் மாத்திரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரம் தப்பினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2003-ல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். ராத்திரி சிம்வாஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினரைக் காலைக்கு மாற்றினார்கள், சில வாரத்தில் அவர்களுக்கு எல்டிஎல் நம் ஊர் ரிப்போர்ட்டில் வரும் கணக்கில் (mg/dL) 10 போல ஏறியது. பத்துதானே என்று விடாதீர்கள். ஸ்டாட்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது ஏறக்குறைய 6 சதவீதம்தான். எல்டிஎல் 160-ல் ஆரம்பித்தவருக்கு அது கிட்டத்தட்ட 10. அதாவது 20 மில்லிகிராமை 40 ஆக்கிக் கிடைத்த பலனை, சிம்வாவைக் காலைக்கு மாற்றியே தொலைத்துவிடலாம். நீண்ட நேரம் நிற்கும் மாத்திரைகளில் காலைக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் 2, 3 அளவில்தான் வருகிறது, ஒரே ஆளுக்கு இரண்டு லேபில் எடுத்தால் வருகிற வித்தியாசம் அதைவிடப் பெரிது.

சீட்டைப் படிப்பது எப்படி

மருந்துச் சீட்டில் 1-0-1, 0-0-1 என்று எழுதியிருப்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. 0-0-1 என்றால் இரவு மட்டும் ஒன்று. சிலர் எச்.எஸ். என்று எழுதுவார்கள், அது படுக்கப் போகும்போது என்பதற்கான சுருக்கம். அடோர்வாவுக்கும் ரோசுவாவுக்கும் பல சீட்டுகளில் 0-0-1 என்றுதான் வரும், பழக்கம் ஒரு காரணம், காலையில் ஏற்கெனவே பிரஷர், சுகர், வாயு மாத்திரை என்று கை நிறைய இருப்பது இன்னொரு காரணம். அதனால் 0-0-1 என்றிருந்தால் இரவில்தான் வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. அதே சமயம் நீங்களாகவும் மாற்றவேண்டாம். அடுத்த முறை போகும்போது "சார், இத காலையில போட்டுக்கலாமா, ராத்திரி மறந்துடறேன்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடோர்வா, ரோசுவாவாக இருந்து கூட்டு மாத்திரையும் இல்லை என்றால் பெரும்பாலும் தாராளமாக என்பார்.

உங்களுக்கு மறக்காத நேரம் எது

அடோர்வா, ரோசுவா போடுகிறவர்கள் நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல், எந்த நேரத்தில் போட்டால் மறக்காது என்பது. இதைக் கண்டுபிடிக்க யோசிக்கவே வேண்டாம், பழைய அட்டையை எண்ணினால் போதும்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா. மாதாமாதம் சீட்டைக் கொண்டுவந்து பிரஷர், சுகர் மாத்திரையெல்லாம் வாங்குவார், கொழுப்பு மாத்திரை மட்டும் "அது இருக்குப்பா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். ஒரே நாளில் ஒரே எண்ணிக்கையில் வாங்கியது அது மட்டும் எப்படி மிஞ்சும்? பையிலிருந்த அட்டையை எடுக்கச் சொல்லிப் பார்த்தால் பத்தில் நாலு குழி அப்படியே இருக்கிறது.

"ராத்திரி எப்பம்மா சாப்பிடுவீங்க?"

"ஏழு மணிக்கு ரெண்டு இட்லி தம்பி. அப்புறம் டிவி பாத்துக்கிட்டே அப்படியே கண்ண அசந்துடறேன். நடுராத்திரி முழிச்சா, போட்டமா இல்லையான்னே ஞாபகம் வரமாட்டேங்குது. ரெண்டாவது தடவ போட்டுட்டா என்ன ஆகுமோன்னு வெச்சுடுவேன்."

அவர் போடுவது அடோர்வா. டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டார், டிபன் முடித்து பிரஷர் மாத்திரை எடுக்கும்போதே இதுவும். இப்போது எல்லா அட்டையும் ஒன்றாகத் தீர்கிறது. பத்தில் நாலு விட்டுப்போவது, காலையா இரவா என்பதில் வரும் 2, 3 புள்ளி வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு நஷ்டம்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள். இரவு மாத்திரை மிஞ்சுகிறது, காலை மாத்திரை மிஞ்சவில்லை என்றால் பதில் கையிலேயே இருக்கிறது. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், ராத்திரி நிதானமாகச் சாப்பிட்டுப் பல் துலக்கிப் படுக்கிறவர் என்றால் இரவே இருக்கட்டும். நாள்தோறும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு மாத்திரையை ஒட்டிவிடுங்கள், காபி டம்ளர் பக்கத்திலோ பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலோ டப்பா இருக்கட்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல். ஏழு நாள் டப்பா 100 ரூபாய்க்குள் கிடைக்கும், அந்த அம்மாவுக்கு வந்த போட்டோமா இல்லையா குழப்பம் அதோடு போய்விடும். போனில் அலாரம் வைப்பது பரவாயில்லை, ஆனால் நிறைய பேர் அலாரத்தை அணைத்துவிட்டு மாத்திரையை மறக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரையே ராத்திரி போடுவதுதான் நல்லது என்கிறார்களே, அதை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கும் பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து ஆராய்ந்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள், மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆக டாக்டர் வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தை மாற்ற முடிவானால் எப்படி மாற்றுவது? ஞாயிறு இரவு போட்டீர்கள் என்றால் திங்கள் இரவு போடாமல் செவ்வாய் காலை போடுங்கள், அதிலிருந்து தினமும் காலை. நடுவில் ஒன்றரை நாள் இடைவெளி வரும், அடோர்வாவுக்கும் ரோசுவாவுக்கும் ஒரு தடவை அப்படி ஆவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கூடப் போடுபவை: எதை நேரம் பிரித்தால் சரியாகும், எதைப் பிரித்தும் பிரயோஜனமில்லை

நேரம் உண்மையாகவே முக்கியமாகிற இடம் இதுதான், ஆனால் இதைப் பற்றிக் கடையில் கேட்பவர் குறைவு.

நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்து ஒரு மூடி குடிக்கிற வழக்கம் நிறைய வீட்டில் உண்டு, டைஜீன், ஜெலுசில் மாதிரி. அதில் அலுமினியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கும். ரோசுவாஸ்டாட்டினோடு சேர்த்துக் குடித்தால் உடம்பில் சேரும் ரோசுவா ஏறக்குறைய பாதியாகிவிடும். ரோசுவாவை முதலில் போட்டு, 2 மணி நேரம் கழித்து அந்த மருந்தைக் குடித்தால் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்து இரண்டையும் ஒன்றாக எடுப்பவர்களுக்கு, ரோசுவாவைக் காலைக்குத் தள்ளுவது இன்னும் சுலபம். மலச்சிக்கலுக்கு இரவில் குடிக்கும் இசப்கோலும் அதே கதைதான். நார்ப்பொருள் எதுவானாலும் மாத்திரை சேர்வதைத் தடுக்கும், 2 மணி நேரம் தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் தனியாகப் போகவேண்டியது, அதோடு எதையும் சேர்க்காமல் ஸ்டாட்டினை டிபனுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு சரியாக இல்லாவிட்டால் எல்டிஎல்லும் ஏறும், ஸ்டாட்டினால் வரும் தசைவலியும் கூடும், அதனால் அந்த மாத்திரையையும் விடாதீர்கள்.

இவையெல்லாம் நேரம் பிரித்தால் தீருபவை. இன்னொரு வகை உண்டு, அதைக் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று பிரித்தாலும் தீராது. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் என்ற கேப்சூல் இப்போது சகட்டுமேனிக்கு எழுதப்படுகிறது, சிலர் சீட்டே இல்லாமல் வந்து கேட்கிறார்கள். சளிக்கும் வயிற்றுக் கிருமிக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் இன்னொன்று. சிம்வா, லோவா, அடோர்வா மூன்றையும் உடைத்து வெளியேற்றும் நொதியை இவை முடக்கிவிடும், அந்த முடக்கம் நாள் முழுக்க நிற்கும், ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு எகிறித் தசையைப் பாதிக்கும். சிம்வாவோடும் லோவாவோடும் இவை சேரவே கூடாது. அடோர்வா என்றால் அளவைக் குறைப்பதா, கொஞ்ச நாள் நிறுத்துவதா என்று டாக்டர் சொல்லவேண்டும். ஆகவே தோல் டாக்டரானாலும் பல் டாக்டரானாலும், கொழுப்பு மாத்திரை போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிம்வாவோடு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு சிம்வா 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் இதே கணக்கில் வருவது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் காலையில் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடித்து, ராத்திரி மாத்திரை போட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது, அந்த ஜூஸும் மாத்திரையை உடைக்கும் அதே நொதியை முடக்குவது, அதன் வேலை 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். பம்ப்ளிமாஸ் பழத்திலும் அதே வகைப் பொருள் இருக்கிறது. திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் திராட்சையை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ரோசுவா, பிடாவா போடுபவர்களுக்கு இந்தப் பழத் தொல்லை கிடையாது.

மறந்துவிட்டால்

இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள், எந்தச் சந்தர்ப்பத்திலும். ராத்திரி போடவேண்டிய அடோர்வாவோ ரோசுவாவோ விட்டுப்போய் காலையில் எழுந்ததும் ஞாபகம் வந்தால் அப்போது போடலாம், அடுத்ததற்கு 12 மணி நேரமாவது இருக்கவேண்டும் என்பது கணக்கு. மதியம்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிட்டு இரவு வழக்கம்போல ஒன்று. சிம்வா என்றால் காலையில் ஞாபகம் வந்தாலும் விட்டுவிடுங்கள், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரியே இல்லாதவர்களுக்கு

லாரி ஓட்டுபவர், நைட் டூட்டி நர்ஸ், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகள், இவர்களுக்கு 0-0-1 என்பது பெரிய குழப்பம். வாரம் ஒரு ஷிஃப்ட் என்று மாறுகிறவர்கள் தூக்கத்தை வைத்து நேரம் பிடித்தால் மாத்திரை கன்னாபின்னாவென்று போகும். நீண்ட நேரம் நிற்கும் ஸ்டாட்டினாக இருந்தால் கடிகாரத்தில் ஒரு நேரத்தை, உதாரணமாகச் சாயங்காலம் 6 மணியை, எந்த ஷிஃப்டிலும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சிம்வா போடுகிறவராக இருந்தால் இந்த மாதிரி வேலைக்கு அடோர்வாவுக்கோ ரோசுவாவுக்கோ மாற்றித் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கு இந்த மாத்திரையால் பெரிய சிக்கல் இல்லை, ஒரு நாளைக்கு ஒன்றுதான். அடோர்வா, ரோசுவாவை இஃப்தாரிலோ ஸஹரிலோ போடலாம். ஸஹரில் அரைத்தூக்கத்தில் மறந்துபோகும் என்பவர்கள் இஃப்தாருக்கே வைத்துக்கொள்ளுங்கள். சிம்வா என்றால் இஃப்தாருக்குப் பின் இரவில். வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் போன ஊர் நேரத்துக்கே மாறிவிடலாம், சில மணி நேரம் முன்பின் ஆவதைப் பற்றி அடோர்வாவும் ரோசுவாவும் கவலைப்படாது.

ஒரே ஒரு இடத்தில் நேரம் காலம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் 2023-ல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரை கொடுக்கிறார்கள். 2 ஆஸ்பிரின், 4 குளோபிடோகிரல், மீதி 8-ம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின். இது அங்கே பார்த்துக் கொடுக்கவேண்டியது, வீட்டில் நாமாக எண்ணிப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதற்கல்ல. நெஞ்சைப் பிடித்தால் 108.

ஸ்டாட்டின் அல்லாதவை

எசெட்டிமிப் எந்த நேரமும் போடலாம், ஸ்டாட்டினோடு சேர்த்தே விழுங்கலாம். ஃபீனோஃபைப்ரேட், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, பல வகைகள் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும், அதனால் நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதோடு வையுங்கள். பெம்பிடோயிக் அமிலத்துக்கு நேரமும் இல்லை, சாப்பாட்டுக் கணக்கும் இல்லை. ஊசிகளில் எவோலோகுமாப் 2 வாரத்துக்கு ஒன்று, இன்க்ளிசிரான் முதல் ஊசிக்கு 3 மாதம் கழித்து ஒன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. அங்கே காலையா இரவா என்று கேட்டால் நர்ஸ் சிரிப்பார், காலண்டரில் தேதியைக் குறித்தால் போதும். சிகப்பு ஈஸ்ட் அரிசி என்று இணையத்தில் விற்கும் இயற்கை மருந்தில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான், ஏற்கெனவே ஸ்டாட்டின் போடுகிறவர் அதையும் சேர்த்தால் இரண்டு ஸ்டாட்டின் ஆகிவிடும்.

உடம்பு வலித்தால் நேரத்தை மாற்றினால் சரியாகுமா

கால் வலிக்கிறது, காலையில் போடுவதை ராத்திரிக்கு மாற்றட்டுமா என்பார்கள். நீண்ட நேரம் நிற்கும் மருந்து 24 மணி நேரமும் உடம்பில் இருக்கிறது, நேரத்தை மாற்றி வலியை ஏமாற்ற முடியாது. இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. லண்டனில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கே எது எது என்று சொல்லாமல் சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை, வலி நிஜம், காரணம் எல்லா முறையும் மாத்திரையாக இருக்கவேண்டியதில்லை. தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் தசை தாங்கமுடியாமல் வலித்து, பலமே இல்லாமல் போய், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்குத் திட்டமிடுபவர்களும் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

மாத்திரை போட்டால் தூக்கம் வரவில்லை என்று சிலர் சொல்வதுண்டு, அப்படித் தோன்றினால் அடோர்வா, ரோசுவாவைக் காலைக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை, மாற்றுவதால் நஷ்டம் எதுவும் இல்லையே.

டெஸ்ட் எடுக்கும் நாள்

நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன், இன்றைக்கு மாத்திரை போடாமல் இருக்கட்டுமா? வேண்டாம், வழக்கம்போலப் போடுங்கள். மாத்திரையோடு எல்டிஎல் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் டாக்டர் பார்க்க விரும்புகிறார். எல்டிஎல் ஒரு நாளைக்குள் பெரிதாக ஏறி இறங்காது, சாப்பாட்டுக்கு ஏறி இறங்குவது ட்ரைகிளிசரைடுதான். பட்டினி இருக்கவேண்டுமா என்பதை லேபில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் இன்னும் கேட்கிறார்கள்.

புதிதாக ஆரம்பித்தவர்கள் முதல் டெஸ்டை 4 முதல் 12 வாரத்துக்குள் எடுப்பது வழக்கம், ஒரே வாரத்தில் ஓடிப்போய் எடுத்து, குறையவே இல்லை என்று புலம்பாதீர்கள். ராத்திரியிலிருந்து காலைக்கு, அல்லது காலையிலிருந்து ராத்திரிக்கு மாற்றியவர்களும் அதே மாதிரி இரண்டு மாதம் ஓடவிட்டு, முடிந்தவரை பழைய லேபிலேயே எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எல்டிஎல் 5 கூடியிருக்கிறது, 4 குறைந்திருக்கிறது என்றால் அதில் படிக்க ஒன்றுமில்லை. 20, 30 என்று ஏறியிருந்தால் நேரத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அட்டையில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிவிட்டு டாக்டரிடம் போங்கள், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.